தங்கத் தாத்தாவும் தோட்டத்துப் பிள்ளையும்

ஒருவன் தன் வாழ்நாளிற் கற்ற முதல் நூல் யாது என வினவின், அவன் கையில் ஏந்திய முதல் ஏட்டினையே பலரும் சுட்டுவர். சற்று ஆழ்ந்து நோக்கின், அவ்விடை முற்றும் பொருந்தாமை புலனாகும். எழுத்தறியாப் பருவத்திலே செவி வழியாகப் புகுந்து நாவிலே தங்கிய பாட்டே அவனது முதல் நூல். தாளில் அச்சிட்ட நூல் பின்னரே வருகின்றது. முன்னது இனித்திருப்பின் பின்னதையும் பிள்ளை விரும்பி நாடும். முன்னது கிட்டாதாயின், பின்னது அதற்குச் சுமையாகவே தோன்றும். இவ்வுண்மையை ஈழநாட்டிலே தம் பாட்டுக்களால் நிறுவிக் காட்டியவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். பிள்ளைகள் அவரைத் தங்கத் தாத்தா என்று அழைத்தனர். புலவர் பலருக்குப் பட்டங்களை மன்னரும் சபைகளும் வழங்கியதுண்டு. பிள்ளைகளின் வாயினின்று உறவுப் பெயரையே பட்டமாகப் பெற்றவர் மிகச் சிலரே.

அப்புலவர் பெருமானின் சிறுவர் பாடல்களின் இயல்பினை ஆராய்வதும், அவை வாசிப்பின்பத்துக்கு எங்ஙனம் வாயிலாக அமைந்தன என விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள். இதனை யாழ்ப்பாணத்திலிருந்து அன்றி எம்பிலிப்பிட்டியவிலிருந்து நோக்குகின்றோம். அதற்குக் காரணமுண்டு. பனையும் ஒடியலும் ஆடிக் கூழும் நிறைந்த ஊரிலே பிறந்த பாட்டு, அவற்றைக் கண்டறியாத மலைத்தோட்டத்துப் பிள்ளைக்கு யாது பயன் தரும் என்னும் வினா இங்கே தானாகவே எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை காணாது தங்கத் தாத்தாவைப் போற்றுதல் நிறைவான போற்றுதல் ஆகாது.

புலவரின் வாழ்வும் புலமையும்

யாழ்ப்பாணத்து நவாலியிலே 1878ஆம் ஆண்டிற் பிறந்த சோமசுந்தரப் புலவர், 1953ஆம் ஆண்டு ஆடித் திங்களுக்குச் சில நாள்கள் முன்னதாக, யூலை 10ஆம் நாளன்று மறைந்தார். ஆடிப் பிறப்பைப் பாடிய புலவர் ஆடி பிறக்குமுன் மறைந்தார் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் நெகிழ்கின்றது. வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியிலே நெடுங்காலம் ஆசிரியராய் இருந்து பிள்ளைகளோடு பழகியவர் அவர். அவர்தம் சிறுவர் பாடல்கள் தனியறையில் இருந்து கற்பனை செய்த பிள்ளைக்காகப் பாடப்பெற்றவை அல்ல. எதிரே வரிசையாய் அமர்ந்து, கண்ணை அகல விரித்தும், சில வேளை கொட்டாவி விட்டும் கேட்ட பிள்ளைகளை நாள்தோறும் கண்டவர் பாடியவை.

அவரது புலமை சிறுவர் பாடலளவில் நின்றதன்று. நவாலியிற் கோயில் கொண்ட அட்டகிரி முருகன்மீது கலம்பகம் பாடினார். பனையின் பெருமையைத் தால விலாசம் என்னும் நூலாக்கினார். நாமகள் புகழ்மாலை, உயிரிளங்குமரன் நாடகம் முதலியவற்றையும் இயற்றினார். கதிர்காமத்தைப் பாட்டுடைத் தலமாகக் கொண்டு கதிரைச் சிலேடை வெண்பா என்னும் அரிய நூலினையும் செய்தார். ஒரு தொடரை இருபொருள்பட அமைத்து, வெண்பாவின் தளை சிதையாமற் பாடுதல் எத்துணைக் கடுமையான தொழில் என்பதை யாப்பறிந்தோர் உணர்வர். அத்தகு வன்மை வாய்ந்தவரே, ஐந்து வயதுப் பிள்ளை ஒரே மூச்சிற் பாடத்தக்க கண்ணிகளையும் பாடினார். இதனை அவர் புலமையின் இறக்கம் எனக் கருதுவோர் உளராயின், அவர் பிள்ளைக்குப் பாடுதலின் அருமையை அறியாதவர் ஆவர். பண்டிதனுக்கு விளங்காத இடத்தை உரையாசிரியர் விளக்குவார். பிள்ளைக்கு விளங்காத இடத்திலோ பாட்டே நின்றுவிடும்; துணைக்கு வர எவரும் இல்லை.

அவருக்கு முன் பிள்ளைகளுக்கு இருந்தவை யாவை என்பதையும் ஈண்டு நோக்குதல் தகும். ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் திண்ணைப் பள்ளிகளிலே தலைமுறை தலைமுறையாய் ஓதப்பெற்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆறுமுக நாவலர் பாலபாடங்களை இயற்றி அச்சிட்டு, தமிழ்ப் பிள்ளைக்கு ஒழுங்கான உரைநடை வாசிப்பு நூலை வழங்கினார். இவை செய்த நன்மை அளப்பரியது. எனினும் இவையெல்லாம் பிள்ளை எவ்வாறு ஆதல் வேண்டும் எனக் கூறுவன. பிள்ளை இன்று எவ்வாறு உள்ளது, எதைக் கண்டு சிரிக்கின்றது, எந்த நாளை எண்ணித் துள்ளுகின்றது என்பதைக் கூறும் பாட்டுக்களுக்கு நெடுங்காலம் இடம் ஒழிந்திருந்தது.

20ஆம் நூற்றாண்டிலே அக்குறை மெல்ல மெல்ல நீங்கலாயிற்று. சுப்பிரமணிய பாரதியாரின் பாப்பாப் பாட்டு 1915ஆம் ஆண்டில் வெளிவந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிள்ளைகளுக்கென இனிய பாடல்கள் பலவற்றைத் தந்தார். ஈழத்திலே, கல்வி அதிகாரியாய் இருந்த கே. எஸ். அருள்நந்தி போன்றோர் காட்டிய ஊக்கத்தின் பயனாக, 1935ஆம் ஆண்டிற் பிள்ளைப் பாட்டு என்னும் தொகுதி வெளிவந்தது. தமிழகத்துக் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 23 பாடல்கள் கொண்ட மலரும் உள்ளம் என்னும் தம் முதல் தொகுதியை வெளியிட்டது 1944ஆம் ஆண்டிலாகும். இவ்வாறு கடலின் இருகரையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்த விழிப்பின் ஈழத்துச் செல்வமே சோமசுந்தரப் புலவரின் பாடல்கள். அவை அவர் மறைந்து இரண்டாண்டுகளின் பின், 1955ஆம் ஆண்டிற் சிறுவர் செந்தமிழ் என்னும் நூலாய் வெளிவந்தன.

மூன்று பாடல்கள்

புலவரின் திறனை அறிதற்கு மூன்று பாடல்களை எடுத்துக்கொள்வோம். அவை ஆடிப்பிறப்பு, கத்தரி வெருளி, பவளக்கொடி என்பன.

ஆடிப்பிறப்பு என்னும் பாடல் ஒரு விடுமுறையின் முன்னாளில் தொடங்குகின்றது. நாளை பள்ளியில்லை என்னும் செய்தியைவிடப் பிள்ளைக்கு உவகை தரும் செய்தி வேறொன்றில்லை என்பதைப் பள்ளி ஆசிரியராகிய புலவர் நன்கறிவார். பிறர் எவரேனும் பாடியிருப்பின், தட்சிணாயன காலத் தொடக்கத்தின் சிறப்பினையும் முன்னோர் வழிபாட்டின் பயனையும் முதலில் உரைத்திருப்பர். புலவரோ தோழர்களைக் கூவி அழைத்துவிட்டு நேரே அடுக்களைக்குள் நுழைகின்றார். பயறு வறுபடுகின்றது, மா தெள்ளப்படுகின்றது, தேங்காயும் பனங்கட்டியும் கூடுகின்றன, கொழுக்கட்டை அவிகின்றது, கூழ் பலாவிலையிலே வார்க்கப்படுகின்றது. பாடலைக் கேட்டு முடித்த பிள்ளை கூழ் காய்ச்சும் முறையையே கற்றுவிடும். கற்றோம் என்னும் எண்ணம் மட்டும் அதற்குத் தோன்றாது. கண்டதும் மணந்ததும் சுவைத்ததுமே தோன்றும். நாட்டு வழக்கமொன்று அறிவுரை ஏதுமின்றியே அடுத்த தலைமுறைக்குக் கைமாறிவிடுகின்றது.

கத்தரி வெருளி இதனினும் நுட்பமான பாடல். தோட்டத்து நடுவிலே காகத்தையும் மாட்டையும் வெருட்டுதற்கு நாட்டிய பொம்மையே வெருளி எனப்படும். பெரியோர் அதனைப் பழந்துணியும் வைக்கோலும் என்று கடந்து செல்வர். பிள்ளையோ அதனோடு பேசும். புலவரும் பிள்ளையின் பக்கம் நின்று அதனைக் காவற்காரனாக விளித்துப் பேசுகின்றார். கூலி கேளாது பணி செய்யும் அதன் கடமையைப் போற்றுவதுபோல் நகையாடுகின்றார். போற்றுகின்றாரோ நகுகின்றாரோ எனத் தெளிவாய்ச் சொல்லவியலாத அவ்விடத்திலேதான் பாடலின் சுவை தங்கியுள்ளது. ஒரு சொல்லுக்கு இருபொருள் காட்டிக் கற்றோரை மகிழ்வித்த அதே புலவர், ஒரு குரலுக்குள் இரு குறிப்பினை வைத்துப் பிள்ளையை மகிழ்விக்கின்றார். சிலேடையின் சிறு தம்பி என இதனைக் கூறலாம்.

பவளக்கொடி என்பது கதைப்பாடல். பாற்குடம் சுமந்து சென்ற பெண்ணொருத்தி, விற்ற காசைக்கொண்டு அடுத்தடுத்துப் பெறப்போகும் செல்வத்தை எண்ணி மனக்கோட்டை கட்டி, அவ்வெண்ணத்திலேயே தன்னை மறந்து பாலைக் கொட்டிவிட்ட கதை அது. இக்கதைக்கு உலகெங்கும் உறவுண்டு. பஞ்சதந்திரத்திலே மாப்பானையைக் காலால் உதைத்துடைத்த அந்தணன் ஒருவன் உளன். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் புலவர் லா பொந்தேன் பாற்காரி ஒருத்தியைப் பாடினார். நெடுவழி நடந்து வந்த அக்கதை புலவரின் கையிலே நம்மூர்ப் பெண்ணாய் மாறிவிட்டது. அயல்நாட்டுக் கதையைத் தழுவி எழுதுவோர்க்கு இஃது ஒரு நல்ல பாடம். பெயரை மட்டும் மாற்றுதல் தழுவலாகாது. நடையும் உடையும் வழியும் சந்தையும் மாறவேண்டும்.

இம்மூன்றினும் பொதுவாய் நிற்பது ஒன்றுண்டு. புலவர் எங்கும் பிள்ளையை மேலிருந்து நோக்கவில்லை. அறிவுரை உள்ள இடத்திலும் அது கூழினுட் பனங்கட்டிபோற் கரைந்து நிற்கின்றது. தனியே எடுத்துத் தின்னக் கொடுக்கப்படவில்லை. பிள்ளை முதலில் மகிழவேண்டும், பின்னரே எதுவும் என்பது அவர் எங்கும் எழுதிவையாத கொள்கை. அவர் பாடல்களே அதற்குச் சான்று.

பாட்டு ஏடாகும் வகை

செவிக்கினிய பாட்டு ஏட்டு வாசிப்புக்கு எங்ஙனம் துணை செய்யும் என்னும் ஐயம் எழலாம். தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 247. முதல் வகுப்புப் பிள்ளையின் முன் இவை பெரும் படைபோல் வந்து நிற்கின்றன. எழுத்தை எழுத்தாய்க் கூட்டிச் சொல்லாக்குவதற்குள், முதலெழுத்து யாதென்பதே பிள்ளைக்கு மறந்துபோகின்றது. ஆயின் முன்னரே மனப்பாடமான பாட்டொன்றை அச்சிலே காணும் பிள்ளையின் நிலை வேறு. அடுத்து வரும் சொல் யாதென அதற்குத் தெரியும். தெரிந்த சொல்லையும் தெரியாத எழுத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் விளையாட்டே அதன் வாசிப்பாய் அமைகின்றது. காட்டு வழியிலே தெரிந்த ஒருவன் கைபற்றி நடத்தலை ஒக்கும் இது.

இதில் எதுகையும் மோனையும் ஆற்றும் தொண்டு பெரிது. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவருதல் எதுகை. சீர்களின் முதலெழுத்து ஒன்றிவருதல் மோனை. இவற்றைச் செய்யுளின் அணிகலன் என்றே நாம் கருதிவந்தோம். சொல் என்பது பல ஒலிகளால் ஆனது, அவ்வொலிகளைப் பிரித்தறியலாம் என்னும் உண்மையைப் பிள்ளையின் செவிக்கு இவை கற்பிக்கின்றன. 1983ஆம் ஆண்டில் பிராட்லி, பிறையன்ற் என்னும் உளநூலார் இருவர் இங்கிலாந்திலே தாம் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டனர். சொற்களின் ஒலியொப்புமையை இளமையிலேயே உணரும் பிள்ளைகள் பின்னர் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னிற்கின்றனர் என்பது அதன் துணிபு. ஆய்வுகூடம் காணாத நம் பாட்டிமார் தாலாட்டினாலும் விடுகதையினாலும் செய்துவந்த பணியினை அவ்வாய்வு உறுதிசெய்தது எனலாம்.

உலகின் புகழ்பெற்ற சிறுவர் நூல்கள் சிலவும் முதலில் வாய்மொழியாகவே பிறந்தன என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1862ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாளன்று படகிற் சென்ற சிறுமியர் மூவர்க்கு லூயி கரோல் சொன்ன கதையே, 1865ஆம் ஆண்டில் ஆலிசின் அற்புத உலகாக அச்சேறிற்று. சுவீடன் நாட்டு அஸ்திரிட் லிண்ட்கிரென் அம்மையார் 1941ஆம் ஆண்டிலே நோயுற்றுக் கிடந்த தம் மகளுக்குச் சொன்ன கதையே, 1945ஆம் ஆண்டில் பிப்பி என்னும் குறும்புக்காரியின் நூலாயிற்று. எதிரே இருந்த ஒரு பிள்ளையின் முகமே இந்நூல்களின் முதற் பதிப்பாசிரியர். தங்கத் தாத்தாவின் பாடல்களும் அவ்வினத்தனவே.

எம்பிலிப்பிட்டிய வழியில்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சபரகமுவ மாகாணத்தின் தென்கிழக்கிலே, வளவை கங்கைப் படுகையில் அமைந்த நகரம் எம்பிலிப்பிட்டிய. பெல்மதுளையிலிருந்து காவத்தை, கொடகவெல வழியாக இறங்கிவரும் பெருவீதி இந்நகரைக் கடந்து தென்கரையை நோக்கிச் செல்கின்றது. அவ்வீதியின் மேற்பகுதியிலே தேயிலையும் இறப்பரும் படர்ந்த மலைகள். கீழ்ப்பகுதியிலே நெல்லும் வாழையும் சேனைப் பயிரும் விளையும் வெப்பநிலம். காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களிலே தமிழ்ப் பிள்ளைகள் வளர்கின்றனர். நகரிலோ சிங்கள மக்களே பெரும்பான்மையினர். தமிழிலே சிறுவர் நூல் ஒன்று வேண்டுமாயின், பெரும்பாலும் தொலைவிலுள்ள ஊர்களையே நாடவேண்டியுள்ளது.

தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஓராசிரியர் பள்ளிகளாய், தோட்ட நிருவாகங்களின் தயவிலே கிடந்தன. 1970களின் பிற்பகுதி முதலாக அவை படிப்படியாய் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. கட்டடங்களும் ஆசிரியர்களும் முன்னரினும் பெருகியமை உண்மை. ஆயினும் லயத்து அறையொன்றிலே, அடுப்பும் படுக்கையும் அருகருகே அமைந்த இடத்திலே, நூலுக்கென ஒரு தட்டு இருத்தல் அரிது. கொழுந்து பறித்து மாலையில் மீளும் தாய்க்கு, பிள்ளையை மடியிலிருத்தி வாசித்துக் காட்டும் பொழுது எங்ஙனம் வாய்க்கும்?

இதனைக் கொண்டு அப்பிள்ளையை வெறுங்கையனாய்ப் பள்ளிக்கு வருபவன் எனக் கருதுதல் பெரும்பிழை. தமிழகத்தினின்று வந்த முன்னோர் பெட்டியிற் கொணர்ந்தவை சிலவே. நாவிற் கொணர்ந்தவை பல. தாலாட்டும் ஒப்பாரியும், காமன் கூத்துப் பாட்டும், விடுகதையும் லயங்களிலே வழங்கிவந்தன. மலையகத்துக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவற்றுட் பலவற்றைத் தேடித் தொகுத்து, 1983ஆம் ஆண்டில் மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்னும் நூலாய் வெளியிட்டார். ஏடில்லாத வீட்டிலும் பாட்டு இருந்தது என்பதற்கு அந்நூல் அழியாச் சான்று. அதலாற் செவிச்செல்வத்தோடு வரும் பிள்ளையே தோட்டத்துப் பிள்ளை. அச்செல்வத்தை ஏட்டோடு இணைக்கும் பாலமே இதுகாறும் போதிய அளவில் அமையவில்லை.

அப்பாலத்துக்குத் தங்கத் தாத்தாவின் பாடல்கள் உதவுமா? யாழ்ப்பாணத்துக்கேயுரிய சொற்கள் அப்பிள்ளைக்குத் தடையாகும் என்பதை மறுத்தல் இயலாது. ஆடிப்பிறப்பு அதன் வீட்டிற் கொண்டாடப்படுவதில்லை. வெருளி என்னும் சொல்லை அது கேட்டதுமில்லை. ஆயினும் நல்லாசிரியர் ஒருவருக்குத் தடையே வழியாகும். தமிழகத்திலே ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களிற் கூழ் வார்க்கும் வழக்கம் உண்டு. உன் பாட்டிக்குத் தெரிந்த கூழ் எது எனக் கேட்டுவரும்படி பிள்ளையை அனுப்பின், மறுநாள் அது ஒரு கதையோடு வந்து நிற்கும். வடக்கின் கூழும் மலையகத்தின் கூழும் ஒரே வகுப்பறையிற் சந்திக்கும்.

வெருளியின் செய்தியோ இன்னும் எளிது. எம்பிலிப்பிட்டியச் சுற்றுப்புறச் சேனைகளிலும் வயல்களிலும் அது நின்றுகொண்டிருக்கின்றது. சிங்கள மக்கள் அதனைப் பம்பயா என்பர். பேருந்தின் பலகணி வழியே அதனைக் காணும் பிள்ளைக்கு, இதுவே தாத்தா பேசிய காவற்காரன் என்று சொன்னாற் போதும். அயல் வீட்டுச் சிங்களப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பொம்மையைக் கண்டு சிரிக்க, இரு மொழிச் சொற்களும் பரிமாறப்பெறும். நவாலிக் கத்தரித் தோட்டத்துக்கும் வளவைக்கரைச் சேனைக்கும் இடையே உள்ள நெடுந்தொலைவினை ஒரு வைக்கோற் பொம்மை ஒரு நொடியிற் கடந்துவிடுகின்றது.

மற்றொரு தொடர்பும் உண்டு. இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து கதிர்காமம் செல்லும் அடியார் பலர் எம்பிலிப்பிட்டியவைக் கடந்தே செல்வர். அவ்விழாவும் ஆடியை ஒட்டியே வருகின்றது. கதிரைச் சிலேடை வெண்பாப் பாடிய புலவரை, கதிர்காம வழியிலே வாழும் பிள்ளைகள் அந்நியர் எனக் கொள்ளவேண்டியதில்லை.

நம் கடன்

இத்துணையும் கூறியபின், கசப்பான உண்மையொன்றையும் கூறுதல் வேண்டும். தங்கத் தாத்தாவின் பாடல்கள் பாடநூல்களில் இடம்பெற்று ஈழத்துப் பிள்ளைகள் பலரை அடைந்தன. அடைந்த அளவிலே அவை வினாத்தாளுக்கும் இரையாயின. வெருளியின் ஒத்த சொல் யாது, கூழுக்கு வேண்டிய பொருள்கள் எத்தனை, பாடலை இயற்றியவர் யார் என்று வினவத் தொடங்கியவுடன் பாட்டு பறந்துவிடுகின்றது. இறகு மட்டுமே நம் கையில் எஞ்சுகின்றது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் இரண்டாம் வகுப்பளவும் நீண்டுவிட்ட இக்காலத்தில், பயன் கருதாது வாசித்தல் என்பது பிள்ளைக்கு மறுக்கப்பட்ட இன்பமாய் மாறிவருகின்றது. வறிய வீட்டுப் பிள்ளைக்கு அப்பரீட்சை ஒரு நற்கதவு என்பதை அறிவோம். அக்கதவினைத் திறக்கும் திறவுகோலும் வாசிப்பே. மகிழ்ந்து வாசித்த பிள்ளை பரீட்சையிலும் தேறும். பரீட்சைக்கென்றே வாசித்த பிள்ளை, பெறுபேறு வந்த மறுநாளே நூலை மூடிவிடும்.

அதனால் ஆசிரியர்கள் நாள்தோறும் சிறிது பொழுதினை வினா ஏதுமற்ற வாசிப்புக்கு ஒதுக்குவாராக. ஆசிரியர் உரக்கப் பாடுக. பிள்ளைகள் உடன் பாடுக. அதன்பின் அப்பாட்டின் அச்சுவடிவினைக் கையிற் கொடுக்க. பொருள் கேட்டாற் சொல்லலாம், கேளாதவிடத்து விளக்கவேண்டியதில்லை. நூலைக் கறைப்படுத்திவிடுவர் என்றஞ்சி அதனைப் பூட்டிவைத்தலினும், கறைபட்டுக் கிழிந்து தேய்தலே நூலுக்குப் பெருமை.

பழைய மாணாக்கர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தாம் கற்ற கல்லூரிக்கு மண்டபமும் மதிலும் அமைத்துத் தருதல் நன்றே. அவற்றின் செலவிற் சிறுபகுதியைக் கொண்டு தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு ஒரு பெட்டி சிறுவர் நூல்களை வழங்கின், அதன் பயன் மதிலினும் நெடுநாள் நிற்கும். தாம் வாசித்து முடித்த கனமான நூல்களை அனுப்புதல் தானமாகாது. பிள்ளை விரும்பும் படமும் பாட்டும் உள்ள நூல்களே வேண்டும்.

மாணாக்கராகிய இளையோர்க்கும் பணியுண்டு. தங்கத் தாத்தா நவாலியைப் பாடினார். அது அவர் கண்ட உலகம். கொழுந்துக் கூடையும், காலைப் பிரட்டும், இறப்பர்ப் பாலும், மலையிலிருந்து இறங்கும் மூடுபனியும், வளவைக்கரை வெயிலும் பிள்ளைப் பாட்டாகப் பாடப்படும் நாளிலேதான் புலவர் தொடங்கிய பணி நிறைவுறும். அவரைப் பின்பற்றுதல் என்பது ஆடிக்கூழையே மீண்டும் பாடுதல் அன்று. அவர் தம் ஊரை நோக்கிய கண்ணாலே நாம் நம் ஊரை நோக்குதலே அவரைப் பின்பற்றுதலாகும். லயத்துப் பாட்டிமார் அறிந்த பாட்டுக்களை எழுதி வைத்தலிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம். அவற்றைக் கற்ற தலைமுறை நம் கண்முன்னே மறைந்துவருகின்றது.

1981ஆம் ஆண்டு, மே மாதம் முடிந்து யூன் பிறந்த இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அத்துயரம் இன்றும் ஆறவில்லை. அடுத்த மாதம் ஆடி பிறந்தபொழுது, தங்கத் தாத்தாவின் பாட்டினைப் பாடுதற்கு எந்தப் பிள்ளைக்கும் நூலகம் வேண்டியிருக்கவில்லை. தீ தீண்ட இயலாத நூலகம் ஒன்று பிள்ளைகளின் நாவிலே இருந்தது. அந்நூலகத்தின் ஒரு கிளையை எம்பிலிப்பிட்டிய வழியிலும், அதற்கு மேலுள்ள மலைத்தோட்டங்களிலும் நிறுவுதற்குப் பெருநிதி எதுவும் வேண்டியதில்லை. உரக்கப் பாடும் ஓர் ஆசிரியர், கிழியும் வரை புரட்டத்தக்க ஒரு நூல், வினா எதுவும் தொடராத சிறு பொழுது ஆகிய மூன்றும் போதும். அவற்றை வழங்குதலே பிள்ளைகளின் தங்கத் தாத்தாவுக்கு நாம் செய்யத்தக்க விழா.